வீட்டோடு சைல்ட்மைண்டராக இருப்பவர்கள் இரவிலும் குழந்தை பார்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஹாரோ_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில் ஆஃப்ஸ்டெட்டில் (இங்கிலாந்தில் குழந்தைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு செய்த சைல்ட்மைண்டர் நான், அதாவது காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களின் பிள்ளைகளை என் வீட்டில் பார்த்துக்கொள்கிறவள். பகலில் ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு பேர் வருகிறார்கள், ஸ்கூல் விட்டதும் இன்னும் இரண்டு பேர். சின்னவர்கள் இருவரில் மூன்றரை வயதுப் பெண் ஒருத்தியின் அம்மா என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) நர்ஸ், திருநெல்வேலிப் பக்கம். இதுவரை அவர் நைட் டியூட்டிக்குப் போனால் கணவர் பார்த்துக்கொண்டார். இப்போது கணவருக்கு பர்மிங்ஹாமில் வேலை, அங்கேயே தங்கியிருக்கிறார். "அக்கா, நைட் இருக்கிற அன்றைக்கு மட்டும் பாப்பா உங்க வீட்டிலேயே தூங்கட்டுமா?" என்று கேட்கிறார். டியூட்டி இரவு ஏழரையிலிருந்து காலை எட்டு வரை.

எனக்குச் செய்ய ஆசைதான். பாட்டி தாத்தா யாரும் பக்கத்தில் இல்லாத குடும்பம், வேறு யாரிடம் போவார்கள்? ஆனால் இப்போதிருக்கும் பதிவு இதற்குப் போதுமா, நான் தூங்கலாமா இல்லை விழித்திருக்க வேண்டுமா, எப்படிக் கட்டணம் போடுவது, எதுவும் தெரியவில்லை. வீட்டில் கணவரும் பதினைந்து வயது மகனும் இருக்கிறார்கள். இரவில் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

தங்கச்சி, நான் பல வருடமாக இரவிலும் பிள்ளைகள் பார்க்கிறேன். தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதல் இரவுக்கு முன்பே சில அலுவல்களை முடித்துவிட வேண்டும்.

முதலாவது ஆஃப்ஸ்டெட். இரவுப் பராமரிப்புத் தரப்போகிறோம் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இது கட்டாயம், சொல்லாமல் விட்டால் குற்றம். சைல்ட்மைண்டர் ஏஜென்சி மூலம் பதிந்தவர்கள் அந்த ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். உங்கள் சான்றிதழில் நிபந்தனை ஏதும் அச்சாகியிருக்கிறதா என்றும் எடுத்துப் பாருங்கள். பிள்ளை எந்த அறையில் தூங்கும், நீங்கள் எங்கே தூங்குவீர்கள், இரவில் தீப்பிடித்தால் எந்த வழியால் இறங்குவீர்கள், இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் உடனே பதில் சொல்ல உதவும். கேட்காவிட்டாலும் அது உங்களுக்கே தேவைப்படும்.

எண்ணிக்கை விதி இரவிலும் அதுதான். எட்டு வயதுக்குக் கீழே ஆறு பேருக்கு மேல் கூடாது, அதில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேர், ஒரு வயதுக்குக் கீழே ஒருவர். சொந்தப் பிள்ளையும் அந்தக் கணக்கில் சேரும், கட்டிலில் நித்திரையாக இருந்தாலும் சேரும். ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காக இரவில் மூன்று பேரை எடுக்காதீர்கள். நான் ஒரு இரவில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பேன். ஒன்று அழுதால் மற்றதும் எழும்பும், பிறகு ஒருவருக்கும் நித்திரை இல்லை.

நீங்கள் தூங்கலாம். பிள்ளை பக்கத்தில், சத்தம் எளிதாகக் காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும், அதற்கு மானிட்டர் வைக்கலாம். என்னுடைய சொந்த விதி: பிள்ளை மேல்மாடியில் என்றால் நானும் மேல்மாடியில்தான். மானிட்டரை நம்பி வேறு தளத்தில் படுக்க மாட்டேன். படுக்க முன்னமும் இடையில் எழும்பும்போதும் போய்ப் பார்த்து, நேரத்தைக் கொப்பியில் குறித்து வைப்பேன்.

கணவருக்கு டி.பி.எஸ் (குற்றப் பின்னணிச் சோதனை) ஏற்கெனவே எடுத்திருப்பீர்கள். மகனுக்கு 16 வயது ஆனதும் அவனுக்கும் வேண்டும். பிறந்தநாள் வரும் வரை காத்திராமல் முன்பே விசாரித்து வையுங்கள்.

லெஸ்டர்_தம்பி:

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? தெரிந்த அக்கா, தெரிந்த குழந்தை. ஊரில் பக்கத்து வீட்டில் தூங்கி வளரவில்லையா நாம்? ஆஃப்ஸ்டெட்டுக்குச் சொல்லாமல் ஃப்ரெண்ட் வீட்டில் தூங்கினாள் என்று விட்டுவிடலாம். கையில் கொடுப்பதைக் கொடுக்கட்டும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

தம்பி, அக்கறையில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இது சரிவராது. காசு வாங்கிக்கொண்டு எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்து ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் அது சைல்ட்மைண்டிங். அரசு தளத்தில் விலக்கு உள்ளவர்கள் யார் என்று போட்டிருக்கிறார்கள்: மாலை 6 மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரைக்குள் பார்க்கும் பேபிசிட்டர், நாளுக்கு 3 மணி நேரத்துக்குள் பார்க்கும் குடும்ப நண்பர், இப்படி. விடியும் வரை பார்ப்பது இதில் எதிலும் அடங்காது. அதோடு ஹாரோ தங்கச்சி ஏற்கெனவே பதிந்தவர். மறைத்துச் செய்தால் அவருடைய பகல் வேலையும் சேர்ந்து போகும்.

இன்சூரன்ஸையும் யோசியுங்கள். என் பாலிசியில் இரவு சேர்ந்திருக்கிறதா என்று நான் எழுத்தில் கேட்டு, பதிலை ஃபைலில் வைத்திருக்கிறேன். இரவில் பிள்ளை படியில் தவறி விழுந்தால், "ஃப்ரெண்ட் வீட்டில் தூங்கினாள்" என்ற கதையை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியிடம் போவது? தாய்க்கும் அது நல்லதில்லை. பதியாதவரிடம் கொடுத்த காசுக்கு அரசிடமிருந்து எந்த உதவியும் வராது.

லெஸ்டர்_தம்பி:

சரி அக்கா, அந்த இரண்டு மணிக் கணக்கு எனக்குத் தெரியாது. என் தங்கை வீட்டுப் பக்கம் இப்படித்தான் நடக்கிறது, அவளிடமும் சொல்கிறேன்.

நைட்_நர்ஸ்:

அம்மா பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். மகனுக்கு நான்கு வயது, நைட் இருக்கும் நாட்களில் ஒரு சைல்ட்மைண்டர் வீட்டில்தான் தூங்குகிறான்.

ஹாரோ அக்கா, நீங்கள் இரவு ஏழரை முதல் காலை எட்டு வரை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு வேண்டாம். எட்டு மணிக்கு டியூட்டி முடியும் என்பது பேப்பரில்தான். அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் கொடுத்து, உடை மாற்றி, பஸ் பிடித்து வரும்போது ஒன்பது தாண்டிவிடும். அதற்குப் பிறகு அந்த அம்மா தூங்க வேண்டாமா? இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து, மூன்றரை வயதுக் குழந்தையைத் தனியாகப் பகல் முழுக்கப் பார்த்து, மறுபடி அன்றைக்கு இரவு டியூட்டிக்குப் போக யாராலும் முடியாது. குழந்தை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும், அம்மா சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார், அடுப்பில் பால் இருக்கும். ஆபத்து இரவில் இல்லை, அந்தக் காலையில்தான் இருக்கிறது.

என் மகனை மாலை ஆறரைக்கு விடுவேன், மறுநாள் மதியம் இரண்டரைக்குத்தான் கூப்பிடுவேன். அப்படி ஒப்பந்தம் போட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. இரவு என்றால் அதற்கு அடுத்த காலையும் சேர்த்துத்தான். அந்த அம்மாவிடம் நீங்களே இதைப் பேசுங்கள். அவர் கூச்சத்தில் கேட்காமல் விட்டிருப்பார்.

இன்னொன்று, மொபைல் நம்பர் மட்டும் வாங்காதீர்கள். வார்டில் எங்கள் போன் லாக்கரில்தான் இருக்கும். வார்டு லேண்ட்லைன் நம்பர், வார்டின் பெயர், அன்றைக்கு எந்த வார்டு, இதையெல்லாம் ஒவ்வொரு நைட்டுக்கும் வாங்குங்கள். ஆள் போதாவிட்டால் கடைசி நேரத்தில் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், அப்போது மெசேஜ் போடச் சொல்லுங்கள். என் சைல்ட்மைண்டர் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்: வார்டு நம்பர், என் கணவர் நம்பர், பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தோழியின் நம்பர், ஜி.பி (குடும்ப டாக்டர்), மகனின் அலர்ஜி. அவர் கணவர் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தாலும் படிக்க முடிகிற மாதிரி பெரிய எழுத்தில்.

கணக்கு_புத்தகம்:

பணப் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

அரசு தரும் இலவசக் குழந்தைப் பராமரிப்பு மணி நேரத்தை இரவுக்குப் பயன்படுத்த முடியாது. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 8 மணிக்குப் பின்னும் செல்லாது, ஒரு நாளில் 10 மணி நேரம்தான் உச்சம். ஆனால் நைட்_நர்ஸ் சொன்ன அந்தக் காலை நேரம், ஆறிலிருந்து இரண்டரை வரை, இதற்குள் வருகிறது. அந்தச் சைல்ட்மைண்டர் உள்ளூர் கவுன்சில் (உள்ளாட்சி) மூலம் இலவச இடம் தருகிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2025 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே வாரம் 30 மணி நேரம், வருடத்தில் 38 வாரம்.

விசாவைப் பாருங்கள். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் "பொது நிதி இல்லை" (அரசு உதவித்தொகைகள் கிடையாது) என்ற நிபந்தனை கணவன் மனைவி இருவருக்கும் இருந்தால் அந்த 30 மணி நேரம் கிடையாது, டேக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரும் (பராமரிப்புக் கட்டணத்தில் அரசு ஒரு பங்கு சேர்க்கும் திட்டம்) கிடையாது, யூனிவர்சல் கிரெடிட்டும் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை) கிடையாது. நம் நர்ஸ்கள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். இந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளை இரவில் தூக்கி நிறுத்துகிறவர்களுக்கே குழந்தை பார்க்க உதவி கிடையாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான 15 மணி நேரம் விசா எதுவானாலும் எல்லோருக்கும் உண்டு. ஹாரோ அக்காவின் பாப்பாவுக்கு மூன்றரை வயது என்றால் அது கிடைக்க வேண்டும். வாங்குகிறார்களா என்று கேளுங்கள்.

டேக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் தகுதி உள்ளவர்கள் பதிந்த சைல்ட்மைண்டருக்கு இரவுக் கட்டணத்தையும் அதிலிருந்தே கட்டலாம். எட்டு பவுண்டு போட்டால் அரசு இரண்டு பவுண்டு சேர்க்கும், குழந்தைக்கு வருடத்துக்கு 2,000 பவுண்டு வரை.

கட்டணம் என்ன வைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும், நான் எண் சொல்லவில்லை. முறையை மட்டும் சொல்கிறேன். குழந்தை விழித்திருக்கும் மாலையும் காலையும் வழக்கமான மணிக் கட்டணம். தூங்கும் நேரத்துக்கு, உதாரணமாக இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, ஒரே தொகை. காய்ச்சல், பல் வலி என்று இரவு முழுக்க விழிக்க வைத்தால் அதற்குத் தனித் தொகை. அம்மாவின் ரோட்டா (டியூட்டி அட்டவணை) வந்ததும் நகல் வாங்குங்கள். ஷிஃப்ட் ரத்தானால் எவ்வளவு நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்தவர் என்பதால் இதை விட்டுவிட்டால், பிறகு அந்தத் தெரிந்தவரிடமே முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகும்.

ஹாரோ_வாசி:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை, நன்றி. அந்த அம்மாவிடம் காலையைப் பற்றிக் கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டார், கேட்க நினைத்திருக்கிறார், அதிகப்படியாக இருக்குமோ என்று விட்டிருக்கிறார். மதியம் வரை என்று பேசிவிட்டோம். 15 மணி நேரமும் இதுவரை வாங்கவில்லையாம், தங்கள் விசாவுக்குக் கிடையாது என்று நினைத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. இன்னொரு அம்மா ஏழு மாதக் குழந்தைக்குக் கேட்கிறார். அவர்கள் வீட்டில் சேலைத் தூளிதான், வேறு எதிலும் தூங்காது என்கிறார். அப்புறம், என் மாமியார் மதுரையிலிருந்து விசிட் விசாவில் வந்து ஆறு மாதம் இருக்கப் போகிறார். இரவில் ஒரு கை உதவிக்கு ஆகுமா?

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

தூளி வேண்டாம். ஊரில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த முறைதான், என்றாலும் இங்கே நீங்கள் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறை வேறு. பச்சைப்பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை தட்டையாக, இறுக்கமாக, நீர் புகாததாக இருக்க வேண்டும். தலையணை, குவில்ட், பொம்மை எதுவும் கட்டிலுக்குள் கூடாது. பிள்ளையின் கால் கட்டிலின் கால்மாட்டில் முட்டுகிற மாதிரி கீழே இறக்கிப் படுக்க வையுங்கள், போர்வைக்குள் நழுவிப் போகாது. அறை 16இலிருந்து 20 பாகை. நம் ஆட்களுக்கு இது குளிராகத் தெரியும், ஹீட்டரைக் கூட்டிவிடுவோம், தொப்பி போட்டுவிடுவோம். இரண்டும் கூடாது, குழந்தைக்குச் சூடு கூடுவதுதான் ஆபத்து. லல்லபி டிரஸ்ட் (குழந்தைகளின் பாதுகாப்பான தூக்கத்துக்கான தொண்டு அமைப்பு) தளத்தில் எல்லாம் படத்தோடு இருக்கிறது, தாயையும் உட்கார வைத்துக் காட்டுங்கள். முதல் ஆறு மாதம் வரை பிள்ளை பெரியவர் இருக்கும் அதே அறையில் தூங்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அழுகிறது என்று உங்கள் கட்டிலில் போட்டுக்கொள்வதோ, சோபாவில் நெஞ்சில் போட்டுக்கொண்டு கண் அயர்வதோ ஒருநாளும் கூடாது.

தூளியில் மட்டும் தூங்கும் பிள்ளையை நேராக இரவுக்கு எடுக்காதீர்கள். முதலில் பகல் தூக்கத்தைக் கட்டிலுக்குப் பழக்க வேண்டும், வீட்டிலும் அதே நேரத்தில் பழக்க வேண்டும். அது சரிவந்தால் மட்டும் இரவு. பெரிய பிள்ளைக்கும் இப்படித்தான் செய்வேன்: ஒரு நாள் இரவுச் சாப்பாடு வரை இருந்து போகும், ஒரு நாள் பைஜாமா போட்டுக் கதை கேட்டுவிட்டுப் போகும், அதற்குப் பிறகு தாய் வீட்டில் இருக்கிற ஒரு நாளில் முழு இரவு. பிள்ளை அழுதால் தாய் வந்து கூட்டிப் போகலாம். முதல் இரவே தாய் வார்டில் நிற்கும் இரவாக இருக்கக் கூடாது.

மாமியார் விஷயம். விசிட் விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாமல் உதவுவதும் உங்கள் தொழிலில் வேலைதான். அவரிடம் பிள்ளைகளைத் தனியாக விடவும் கூடாது. ஆறு மாதம் உங்கள் கூரைக்குக் கீழே இருக்கப் போகிறவர் என்பதால் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே ஆஃப்ஸ்டெட்டுக்குச் சொல்லி, என்ன செக் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை தூங்கும் அறையை மாமியாருக்குக் கொடுத்துவிடாதீர்கள், உறவில்லாத பெரியவரும் பிள்ளையும் ஒரே அறையில் படுப்பது சரியில்லை.

மருந்தும் சொல்ல வேண்டும். எழுத்தில் அனுமதி இல்லாமல் கால்பால் (குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மருந்து) கூடக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் தனி அனுமதி, எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று குறிப்பு. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் வார்டில் நிற்கும் தாயிடம் கையெழுத்து வாங்க முடியாது, பகலிலேயே வாங்கி வையுங்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கை நனைந்தால் என்ன செய்வீர்கள், இதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்கி வைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

கிளாஸ்கோ_குடும்பம்:

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஆஃப்ஸ்டெட் இல்லை, கேர் இன்ஸ்பெக்டரேட். எண்ணிக்கையும் வேறு: 16 வயதுக்குக் கீழே எட்டு பேர், அதில் 12 வயதுக்குக் கீழே ஆறு, ஆரம்பப் பள்ளிக்குப் போகாதவர்கள் மூன்று, ஒரு வயதுக்குக் கீழே ஒருவர்.

குரோய்டன்_கலை:

நான் எதிர்க்கருத்து சொல்ல வந்தேன். நான் இரவுப் பராமரிப்பு செய்து, பிறகு நிறுத்திவிட்டேன். குழந்தைகள் பிரச்சினை இல்லை. அடுத்த நாள்தான் பிரச்சினை. இரவில் ஒரு குழந்தை மூன்று தடவை எழுப்பினால், காலை எட்டுக்கு மற்ற மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். அவர்களுடைய பெற்றோரும் முழுக் காசு கொடுக்கிறார்கள். பார்க்கில் ஓடுகிற இரண்டு வயதுப் பையன் பின்னால் அரைத்தூக்கத்தில் போகிற ஆளை நான் என் குழந்தைக்கு வைக்க மாட்டேன். விதியில் இடம் இருக்கிறது என்பதால் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று ஆகிவிடாது. இரவு என்பதைப் பகல் வேலையின் நீட்சியாக நினைத்து ஆரம்பிக்கிறவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

குரோய்டன் சொல்வது முழுக்கச் சரி. நான் தொடர்ந்து செய்வதற்குக் காரணம், இரவு எடுத்த மறுநாள் பகலில் வேறு பிள்ளைகள் எடுக்க மாட்டேன். இரவு தங்கிய பிள்ளை மட்டும் மதியம் வரை இருக்கும். அதனால் வாரத்தில் சில பகல்களை விட்டுக்கொடுத்தேன், இரவுக் கட்டணத்தை அதற்கேற்ப வைத்தேன். பகல் ஐந்து நாளும் நிரம்பி இருப்பவர்கள் வெள்ளி, சனி இரவுகளை மட்டும் எடுக்கலாம். இரண்டும் முடியாதென்றால், மனம் நோகாமல் அந்தத் தாயிடம் முடியாது என்று சொல்லி, முடிகிற இன்னொருவரைக் காட்டிவிடுங்கள்.

நைட்_நர்ஸ்:

வெள்ளி, சனி மட்டும் என்றாலும் எங்களுக்குப் பெரிய விஷயம். ரோட்டா போடுகிற மேனேஜரிடம், "இந்த இரண்டு நாள் எனக்கு ஆள் இருக்கிறது, நைட்டை அன்றைக்குப் போடுங்கள்" என்று முன்கூட்டியே கேட்கலாம். ஃப்ளெக்சிபிள் வொர்க்கிங் (நமக்கு ஏற்ற மாதிரி வேலை நேர மாற்றம்) கேட்பது வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை. தருவார்கள் என்று உறுதி இல்லை, ஆனால் எழுதிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஹாரோ_வாசி:

ஆஃப்ஸ்டெட்டுக்கு எழுதிவிட்டேன், இன்சூரன்ஸுக்கும். வெள்ளி, சனி இரவுகள் மட்டும் என்று முடிவு. ஏழு மாதக் குழந்தையை இப்போதைக்குப் பகலுக்கு மட்டும் எடுத்திருக்கிறேன். மாமியாருக்குக் கீழ் அறை.

இதற்கிடையில் புதிதாக ஒரு கேள்வி. ஸ்கூல் விட்டு வருகிற ஆறு வயதுப் பையனின் அம்மா, அவருடைய அப்பாவுக்கு ஆபரேஷன் என்று சேலத்துக்குப் போகிறார். ஐந்து வாரம். பையனுக்கு ஸ்கூல் இருப்பதால் என்னிடமே விட்டுப் போக நினைக்கிறார். இங்கே வேறு யாரும் இல்லை. இரவுக்குத்தான் சொல்லியாயிற்றே, எடுக்கலாமா?

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

இது வேறு விஷயம் தங்கச்சி, இதைக் கவனமாகப் பாருங்கள். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, நெருங்கிய உறவில்லாத ஒருவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கப் போகிறது என்றால் அது பிரைவேட் ஃபாஸ்டரிங். மாற்றுத்திறன் உள்ள பிள்ளை என்றால் 18 வயது வரை. அதற்குச் சைல்ட்மைண்டர் பதிவு போதாது. நீங்களும் பையனின் தாயும் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். முன்பே தெரிந்த பயணம் என்றால் ஆறு வாரத்துக்கு முன், அதற்குள் புறப்படுகிறார் என்றால் உடனே, அவசரமாகப் பையன் ஏற்கெனவே வந்துவிட்டான் என்றால் 48 மணி நேரத்துக்குள். சோஷியல் வொர்க்கர் வந்து வீட்டைப் பார்ப்பார், பையனிடம் தனியாகப் பேசுவார். பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளையைப் பிடுங்க வருவதில்லை.

தாய்க்கு மூன்று வாரத்தில் திரும்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாதென்றால் இன்றைக்கே கவுன்சிலுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், நீங்களும் தனியாகப் பண்ணுங்கள். ஸ்கூலுக்கு யார் கூட்டி வருவார், அவசரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தாய் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று ஸ்கூலுக்கு, ஒன்று ஜி.பிக்கு, ஒன்று உங்கள் கையில். சேலத்தில் அவர் தங்கும் வீட்டு நம்பரும் வேண்டும், ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரியில் கூட நிற்கப் போகிற உறவினர் ஒருவருடைய நம்பரும் வேண்டும்.